பெண் பார்க்க வந்த நாளில் தண்ணீர் லாரி

ஒரு வாரமாக வீட்டில் எல்லாரையும் பாடாய்ப் படுத்தினேன். "அவங்க வரும்போது 'குந்துங்க'ன்னு வாயில வரக் கூடாது. 'உட்காருங்க'. புரிஞ்சுதா?" என்றேன்.

"ஏன், குந்துனா அவங்க முட்டி மடங்காதா?" என்றார் நைனா.

"நான் வாயே தொறக்கல. போதுமாடி?" என்று அம்மா முறுக்கிக்கொண்டாள்.

என்ன செய்வது! மாப்பிள்ளையும் நானும் ராயபுரத்தில் ஒரே அலுவலகம். அங்கே என் குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டாது. அவருடைய அம்மா மணலி புதுநகரில் டீச்சர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பெண் என்றதும் கொஞ்சம் யோசித்தாராம். இந்தக் கல்யாணம் கைநழுவினால் என்னால் தாங்கவே முடியாது. அவ்வளவு ஆசை!

வந்தார்கள். நைனா பிசகாமல் "உட்காருங்க" என்றார். நானும் பட்டுச் சேலையில் தலை குனிந்து, "காபி எடுத்துக்கோங்க அத்தை" என்றேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் லாரி வந்து நின்றது. எங்கள் பிளாக்கில் காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஜன்னல் வழியே பார்த்தால், எதிர் பிளாக்குக்காரி எங்கள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தைச் செருகுகிறாள்! அம்மாவும் பார்த்தாள். எனக்குக் கொடுத்த வாக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியதுதான் தாமதம், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏய்! இன்னா தகிரியம் இருந்தா எங்கம்மா கொடத்த கால்ல தள்ளுவ? காத்தாலேர்ந்து நிக்குது, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? எட்றி உன் கொடத்த! நான் எறங்கி வந்தேன், பேஜாராயிடும் சொல்லிட்டேன்!"

குடம் நகர்ந்தது. திரும்பினேன். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு!

அவர் அம்மா எழுந்து வந்து கீழே எட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தெருவுக்கும் லாரிதாம்மா. வகுப்புல அம்பது பிள்ளைங்கள அடக்கிடுவேன். அந்த வரிசையில மட்டும் எனக்கு வாயே வராது. என் குடம் எப்பவும் கடைசிதான். கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

அதற்குமேல் அம்மாவால் முடியவில்லை.

"அட இன்னா சம்மந்தி நீங்க! இத்த வந்தவுடனே சொல்லக் கூடாதா? ஒரு வாரமா வாயப் பொத்திக்கினு கீறேன்! நல்லா சாஞ்சு குந்துங்க!"