ரம்பக்காரரும் கூஜாவும்

எங்கள் வீட்டில் ஷோகேஸ் கிடையாது. பக்கத்து வீட்டில் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அந்த அலமாரிக்குள் பித்தளையில் ஐந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சாண் உயரம். ஐந்து தலையிலும் முண்டாசு. அந்த வீட்டு அக்காவின் கணவர் ரயில்வேயில் பல வருஷம் வடக்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, பழைய புடவைகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அது எழுபதுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் பித்தளை என்றால் குடம், அண்டா, குத்துவிளக்கு. ஒரு வேலைக்கும் ஆகாத பித்தளையை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

ஒருவர் குழல் ஊதினார். ஒருவர் மேளம் தட்டினார். ஒருவர் தாளம் போட்டார். ஒருவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து பாடினார். ஐந்தாமவர் மட்டும் மடியில் ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் குறுக்கே ஒரு வில்லை இழுத்துக்கொண்டிருந்தார். அது என்ன வாத்தியம் என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. மரத்தை அறுப்பது போல இருந்ததால் அக்கா அவருக்கு ரம்பக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, வீட்டில் இருந்தேன். "வீட்டில் இருக்கிறாள்" என்றால் கல்யாணத்துக்கு இருக்கிறாள் என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அக்கா அந்த ஐந்து பேரையும் முறத்தில் எடுத்துவந்து என் முன்னால் வைப்பார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, ஜன்னலோரம் வெயிலில் வைப்பேன். அந்த ஜன்னலில் மலையின் ஒரு தோள் மட்டும் தெரியும். உச்சிக்காலப் பூஜை மணி ஓய்ந்த பிறகு தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. அக்கா உள்ளே கண்ணயர்ந்திருப்பார். அப்போது எனக்கு அவர்கள் வாசிப்பது கேட்கும்.

சொன்னால் சிரிப்பீர்கள். கேட்கும். குழலும் மேளமும் எனக்குத் தெரிந்த சத்தங்கள்தான், அதில் கஷ்டமில்லை. ரம்பக்காரருக்கு மட்டும் நானே ஒரு சத்தம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் அது தூரத்துக் கிணற்றின் உருளைச் சத்தமாக இருந்தது. ஒரு மாதம் தூக்கம் வராத குழந்தையின் முனகலாக இருந்தது. மலைமேல் மேகம் இறங்கி நின்ற ஒரு ஐப்பசி மத்தியானத்தில் எந்தச் சத்தமும் இல்லாமல் வில் மட்டும் போய்ப் போய் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"அங்க என்னா கனா கண்டுகினு நிக்கிற? வந்து வெளக்கேத்து."

நான் நின்றாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும் அம்மாவுக்கு நான் கனா கண்டுகொண்டு நிற்பவள்தான். ஒரு நாளைக்கு நாலு முறையாவது அந்தத் திட்டு விழும்.

இரண்டு இடத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு இடமும் "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார்கள். அப்படிச் சொன்னால் லெட்டர் வராது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது இடம் ஆரணி. பையன் பள்ளிக்கூட வாத்தியார். இந்த முறை வீடு பார்வையாக இருக்க வேண்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். நாற்காலி ஒரு வீட்டிலிருந்து வந்தது, ஜமுக்காளம் ஒரு வீட்டிலிருந்து. பித்தளைக்காரர்கள் ஐந்து பேரும் அக்கா வீட்டு முறத்தில் வந்து, ஜன்னலோரம் எங்கள் ரேடியோ பலகைமேல் பூப்போட்ட துணியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எங்கள் வீடு எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

எங்களுடையது என்று அங்கே இருந்த ஒரே நல்ல பொருள் அம்மாவின் கூஜா. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கூஜா. திருகு மூடியும் வளைந்த கைப்பிடியும். எந்த ஊருக்குப் பஸ் ஏறினாலும் அது அம்மாவின் மடியில்தான் வரும். யாருக்கும் இரவல் தரமாட்டாள். நான் தொட்டால்கூட, "கீழ போட்டுடாதடி" என்பாள்.

ஆரணியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நான் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுபோய் வைத்தேன். பையன் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் ரேடியோ பலகையைப் பார்த்துவிட்டார்.

"அந்தக் கடைசில இருக்கறவர் வாசிக்கிறாரே, அது என்னா வாத்தியம்?" என்று என்னிடமே கேட்டார்.

"தெரியலீங்க. ஆனா மத்தியானத்துல வாசிக்கறது" என்று சொல்லிவிட்டேன்.

வாய் தவறி வந்ததுதான். அவர் கேலி செய்யவில்லை. இன்னொரு முறை ரம்பக்காரரைப் பார்த்து, அப்படித்தான் இருக்கும் என்பது போலத் தலையாட்டினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை இப்போது எழுதுவதில் என்ன வெட்கம்? ரொம்பவே பிடித்துவிட்டது. இவர் வீட்டிலிருந்து லெட்டர் வர வேண்டும் என்று அந்த நிமிஷமே வேண்டிக்கொண்டேன்.

பையனின் அம்மா கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அதன் கழுத்தில் வெட்டியிருந்த பேரைப் படித்து, "உங்க பேருங்களா?" என்றார். அம்மா பெருமையாகத் தலையசைத்தாள். அவர் எழுந்து ரேடியோ பக்கம் போனார். ரம்பக்காரரைத் தூக்கினார், கனம் பார்த்தார், தலைகீழாகத் திருப்பினார். பித்தளையைக் கையில் எடுத்த எந்தப் பெண்பிள்ளையும் செய்கிற காரியம்தான்.

"இதுல வேற பேரு இருக்குதே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து பேரின் அடியிலும் பக்கத்து வீட்டு அக்கா தன் பேரைப் பாத்திரக்கடையில் கொடுத்து வெட்டி வைத்திருந்தார். மாதாமாதம் அதன்மேல்தான் என் விரல் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பித்தளை என்றால் அடியில் ஒரு பேர் இருக்கும். குடத்துக்குக் கழுத்து இருப்பது போல அது. யார் அதைக் கவனிக்கிறார்கள்? அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அம்மா கண் இமைக்காமல் சொன்னாள். "அது என் மாமியார் பேருங்க."

அப்பாவுக்குக் காபி புரையேறியது. பெற்ற தாய்க்குத் திடீரென்று வேறு பேர் வந்துவிட்டால் யாருக்கும் புரையேறும்.

"அந்தக் காலத்து சாமானா! அதான் வெயிட்டு ஜாஸ்தியா இருக்குது" என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். "நாங்க அது குடு இது குடுன்னு கேக்கற ஜனங்க இல்லீங்க. இந்த அஞ்சு பேரை மட்டும் பொண்ணோட அனுப்பிடுங்க. புது வீட்டுல ஷோகேஸ் வெச்சிருக்கோம், காலியா கெடக்குது."

"அதுக்கென்னங்க, தாராளமா" என்றாள் அம்மா.

நான் பெரிய உத்தமி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மாவின் முதல் பொய்க்கு நானும் மூச்சுக்காட்டாமல்தான் நின்றேன். இரண்டாவதில்தான் எனக்கு எல்லாம் கண்முன்னால் ஓடத் தொடங்கியது. ஐந்து பேரும் ஆரணி பஸ்ஸில் போகிறார்கள். பக்கத்து வீட்டு ஷோகேஸில் ஐந்து வட்டத் தடம் மட்டும் இருக்கிறது. அக்கா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பார்த்துவிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அது எங்களுது இல்லீங்க. பக்கத்து வீட்டு அக்காது. நீங்க வரீங்கன்னு வாங்கியாந்து வெச்சோம்."

அந்த அம்மா ரம்பக்காரரை மெதுவாகப் பலகைமேல் வைத்தார். கேசரி நன்றாக இருந்தது என்றார். செருப்பு மாட்டும்போது அப்பாவிடம், "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார். பையன் தெருமுனை வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னையா, ரேடியோ இருந்த ஜன்னலையா என்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் ஐந்து பேரையும் முறத்தில் வைத்து நானே திருப்பிக் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்ட அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பைத்தியமே! ஒரு வார்த்த பேசாம இருந்திருந்தா நானே குடுத்திருப்பேனே. வெறும் பொம்மதானே?"

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குத் தேய்க்கப் போகவில்லை. அக்கா கூப்பிட்டும் போகவில்லை. போனால் அவர் கேள்வி திரும்பவும் காதில் விழும்: அத்தி பூத்தாற்போல "அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டிய ஒருவரை, வெறும் பொம்மைக்காகவா விட்டேன்?

லெட்டர் வரவில்லை. அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். "அவள சாப்ட சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்வாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். சில மாதம் கழித்து, தேவைக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று பேச்சு வந்தது. அந்தத் திட்டு மட்டும் வரவேயில்லை. வேண்டுமென்றே பின்கட்டில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னைச் சுற்றிக்கொண்டு துணி உலர்த்தப் போவாள். திட்டு வாங்காமல் மனசு ஏங்கிப்போகும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணமானது. வேலூர் மாப்பிள்ளை. இவர்கள் எங்கள் வீட்டுப் பொருள் எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. வேலூரில் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி, கனமாக ஏதோ இருந்தது. பிரித்தால் ரம்பக்காரர். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தார். திருப்பிப் பார்த்தேன். அக்காவின் பேர் தேய்ந்து மேலே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக, விரலை உறுத்துகிற புள்ளிகளில், என் பேர்.

அக்காதான் தந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆடிக்கு அழைத்துவந்தபோது, பையை வைத்த கையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"எனக்கு எதுக்குடி தேங்ஸு?" என்றார் அக்கா. "உங்கம்மா வந்து எடுத்துகினு போனாங்க. சும்மா எடுத்துகினு போங்கன்னு எவ்ளோ சொன்னேன், கேக்கலியே. அவங்களே கடைக்குப் போயி உன் பேரையும் வெட்டிகினு வந்தாங்க. அங்க பாரு."

ஷோகேஸைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவது இடத்தில், ரம்பக்காரர் உட்கார்ந்திருந்த அதே வட்டத் தடத்தின்மேல், அம்மாவின் கூஜா இருந்தது. ஊதுகிறவரும் தட்டுகிறவரும் தாளக்காரரும் பாடுகிறவரும் அந்தக் கூஜாவுக்காகவே வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கழுத்தில் அம்மாவின் பேர் என்னைப் பார்த்தபடி இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அங்க என்னா கனா கண்டுகினு நிக்கிற? வந்து சாப்புடு, ஆறிப்போவுது."

கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் ஷோகேஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு, "வரேம்மா" என்றேன்.