எடைமேடையில் ஒரு குரல்

எங்கள் எடைமேடை மென்பொருளுக்குத் தெரிந்த வேலை சீட்டு அச்சடிப்பது ஒன்றுதான். அதைச் செய்து கொடுத்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலை எங்களுடையது. லாரியை எடை போட்டதும் டிரைவர் இறங்கி, புழுதியில் நடந்து, ஜன்னலில் சீட்டு வாங்கி, போகலாமா என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். அதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தே உயிரை வாங்கிவிடும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் இந்தத் தொல்லையும் என் தலையில் விழுந்தது.

நான் மென்பொருளை ஏமாற்றினேன். பிரிண்டர் என்று பெயர் சொல்லி ஒரு சின்ன நிரலை எழுதி நடுவில் உட்காரவைத்தேன். வருகிற சீட்டை அது வாங்கி, உண்மையான பிரிண்டருக்குத் தள்ளிவிடும். கூடவே வண்டி எண்ணையும் எடையையும் பொறுக்கியெடுத்து வேறொரு புரோகிராமுக்கு அனுப்பும். அந்தப் புரோகிராம் பதிவு செய்து வைத்த சொற்களைக் கோத்து, வெளியே ஒலிபெருக்கியில் சொல்லும். குரல் கொடுத்தவர் எடைமேடை அறையில் வேலை பார்த்த பெண். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில், "எடை முடிஞ்சது, போய்ட்டு வாங்க" என்றார். அவருடைய கணவரும் எங்களுக்கு இரும்பு ஏற்றிவரும் டிரைவர்தான். மீஞ்சூர்க்காரர், சொந்த லாரி.

மழைக்காலத்தில் அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட்டார். நிரலுக்கு இழவு தெரியுமா? நாங்கள் அடக்கம் முடித்து வந்தபோதும் அவர் எடை சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இங்கே செத்தவரே எல்லோரையும் போய்ட்டு வாங்க என்று அனுப்பிக்கொண்டிருந்தார். டிரைவர்கள் முரண்டு பிடித்தார்கள்.

"இன்னா சார், செத்தவங்க வா வான்னு கூப்டுக்கினு கீறாங்க. எவன் சார் மறுபடி வருவான்? பேஜாரா கீது" என்றார் ஒருவர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரிடம் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு அறையில் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். 'எட்டு' என்பதற்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது காதுக்குள் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். எனக்கும் பயம்தான்.

மேனேஜர் சொன்னபடி குரலை மாற்றி, உயிரில்லாத ஒரு கம்ப்யூட்டர் குரலை வைத்தேன். அந்த வாரமே கணவர் என்னைத் தேடி வந்தார்.

"சார், என் வண்டிக்கு மட்டும் அவ பேசட்டும் சார்."

சீட்டில் வண்டி எண் இருக்கிறதே. அவர் எண் வந்தால் பழைய குரல் என்று ஒரு வரி சேர்த்தேன். சில நடை வந்து போனார். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இது அவ இல்ல சார். ஊட்ல என்னிக்கி என்னிய வாங்க போங்கன்னா? யோவ்னுதான் கூப்புடுவா. இது யாரையோ கூப்புட்ற மாரி கீது."

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பதிவின்போது வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளையெல்லாம் தோண்டினேன். ஒன்றில், எண்களுக்கு நடுவே அந்தப் பெண்ணின் போன் அடிக்கிறது. எடுத்து, "யோவ், வேலையா கீறேன். நீ போன வையி, வந்து பேசறேன்" என்கிறார். அப்புறம் ஒரு சிரிப்பு. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. போய்ட்டு வாங்க இருந்த இடத்தில் அதை வைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை, தானாகக் கேட்டு மகிழட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நடை, மத்தியானம் வந்தார். எடை சொன்ன குரல், யோவ் என்றது. லாரி மேடையிலேயே நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் இறங்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. மெல்ல வண்டியை எடுத்து உள்ளே போய் இரும்பை இறக்கினார். காலி வண்டியை எடை போடும்போது குரல் மறுபடியும் அதையே சொன்னது. நான் சாப்பிடப் போய்விட்டேன்.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பினால், கேட்டுக்கு வெளியே சுவரோரம் அந்த லாரி நின்றிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. அவர் ஸ்டியரிங்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, இன்னும் கெளம்பலையா?"

முன்னால் கவிழ்த்து வைத்திருந்த போனைக் காட்டினார்.

"அப்பவே போன வெச்சிட்டேன் சார். வந்து பேசறேன்னு சொன்னா இல்ல."

இவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்தேன். பக்கத்து சீட்டில் எப்போதும் கிடக்கும் தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் போட்டு, சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். படியில் கால் வைத்தேன்.

"அங்க வாணாம் சார்" என்றார்.