இரண்டு பேரும் சொல்லாத வசனம்

நாடகக் குழுவில் அவளை எல்லாரும் 'வசனக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையின் ஓரத்தில், திரை மறைவில், ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோகும் வரியை மெல்ல எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக. அதன் அருமை அவள் முதுகுக்குத்தான் தெரியும்.

அது தேர்தல் வருஷம். கட்சிக்காக அப்பாவும் மகனும் அடித்துக்கொள்ளும் குடும்ப நாடகம் ஒன்றைக் குழு போட, அது சக்கைப்போடு போட்டது. அவளுக்கு மட்டும் அதில் சுவாரசியமே இல்லை. அதே கூத்து வீட்டில் இலவசமாக நடந்துகொண்டிருந்ததே! கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு கட்சி. மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் மகன் எதிர்க்கட்சி. வாசற்கதவில் மகன் ஒட்டிய சுவரொட்டியை அப்பா கிழித்த நாளிலிருந்து நான்கு மாதமாகப் பேச்சில்லை. "உன் பிள்ளைகிட்ட சொல்லு" என்பார் அவர். "உன் புருஷன்கிட்ட சொல்லும்மா" என்பான் இவன். நடுவில் அவள் பந்தாக உருண்டாள்.

ஒரு நாள் மகன் பெட்டியைக் கட்டிவிட்டான். தனியாக ரூம் பார்த்திருக்கிறானாம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அப்பா நேத்து அழுதாருடா. 'கட்சி ஆயிரம் வரும் போகும், எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை'ன்னு சொன்னாரு" என்றாள்.

மகன் பெட்டியைப் பிரித்தான். கணவரிடம் போய், "'அப்பா பேசாத வீட்டுல எனக்கென்ன வேலை'ன்னு பிள்ளை கலங்குறான்" என்றாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இரண்டுமே நாடகத்தின் கடைசிக் காட்சியில் வரும் வசனங்கள். அவசரத்துக்கு அவளுக்கு வேறென்ன வாயில் வரும்? மகன் வீட்டிலேயே தங்கிவிட்டான்; ஆனால் அப்பாவும் பிள்ளையும் இன்னும் நேரில் பேசிக்கொள்ளவில்லை.

கடைசி ஆட்டம் மதியக் காட்சி. திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையின் இந்தக் கோடியில் கணவர், அந்தக் கோடியில் மகன். இதுவரை நாடகத்தைப் பார்க்காத இருவருக்கும் குழு முதலாளி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸ் கொடுத்திருக்கிறார்.

கடைசிக் காட்சியில் மகன் வேஷக்காரன் தன் வசனத்தைப் பிசகில்லாமல் சொல்லிவிட்டான். அப்பா வேஷக்காரர்தான் வழக்கம்போல 'கட்சி ஆயிரம்' வரும் இடத்தில் நின்றுபோனார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குட்டு உடைந்துவிடும், மகன் மறுபடி பெட்டியைக் கட்டுவான். நடிகர் இருமினார், கண்ணாடியைத் துடைத்தார், பாவமாகத் திரைப்பக்கம் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருவரையும் மேடையில் தவிக்கவிட்டதில்லை. எடுத்துக்கொடுத்தாள்.

அவர் சொல்லி முடித்ததும் அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை.

வெளியே வந்தபோது இருவரும் படிக்கட்டருகே, ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள்.

"அப்பா அப்படிச் சொல்லவே இல்லையாம்மா?" என்றான் மகன்.

"இவனும் சொல்லலையா?" என்றார் கணவர்.

"ரெண்டு பேரும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

மகன் முகம் சுண்டிப்போனது. கணவர் வேறெங்கோ பார்த்தபடி, "இனிமே வீட்டுல இருப்பானா மாட்டானான்னு உன் பிள்ளைகிட்ட கேளு" என்றார்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்களே கேளுங்க. எனக்கு முடியல."

அவள் அப்படிச் சொல்லி இருவருமே கேட்டதில்லை. கணவர் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார்.

"வீட்டுக்கு... வருவியாடா?"

"வரேம்ப்பா."

இதற்குத்தான் நான்கு மாதமாக ஏங்கினாள். இப்போது சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மகன் கை நீட்டி, "எழுந்திரும்மா, போலாம்" என்றான்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேசாம இருந்துட்டு வரேன்."