ஆயில் குச்சி இல்லாத கார்

கார் மெக்கானிக் வேலையில் பாதி நேரம் காரோடு போகும். மீதி நேரம் அந்தக் காரைப் பற்றி வீட்டில் இருக்கிறவர்கள் சொல்லி அனுப்பியதோடு போகும். ஸ்பேனர் பிடித்தவர்கள் யாரும் இதை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பிடிக்காத நீங்களும் கார் வாங்கின பாவத்துக்கு எங்காவது ஒரு ஷெட் வாசலில் காத்துக் கிடந்திருப்பீர்கள். ஆக, நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

உத்திரமேரூரில், காஞ்சிபுரம் போகிற ரோட்டில் எனக்கும் கன்னியப்பனுக்கும் சேர்த்து ஒரு ஷெட் இருக்கிறது. வெல்டிங்கும் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலையும் அவனுடையது. வயரிங், ஸ்கேனர், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என்னுடையது. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் பதில் சொல்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு அவன் நிம்மதியாக வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கிறான்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு காரைப் பற்றி. அது தேவகியுடையது. பக்கத்து கிராமத்துப் பெண். வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். அவர் வீட்டோடு உட்கார்ந்ததும் இவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தாள். காலையில் டீச்சர்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ கூட்டிப் போவாள். அந்தக் கார் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இஞ்சின் போனால் இன்னொன்று போட வழியில்லை. முதல் நாளே அவள் இதை என்னிடம் சொல்லிவிட்டாள்.

குச்சியைக் காணோம்

கார் வாங்கிய வாரமே தேவகி மாமனாரோடு வந்து இறங்கினாள். மாமனார் பெயர் கோதண்டம். அந்தக் காலத்தில் டிராக்டர் ஓட்டியவர். இஞ்சின் என்று ஒன்று இருந்தால் அது தன்னைக் கேட்டுத்தான் ஓட வேண்டும் என்கிற நினைப்பு உள்ளவர். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் குச்சி இருக்குமே, உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்போமே, அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த மாடலில் குச்சி கிடையாது, இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்ப்புக்குள் ஒரு சென்சார் இருக்கிறது, அது அளந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற திரையில் காட்டும் என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் காரை விற்ற புரோக்கரும் கூட்டு என்று அந்தப் பார்வையிலேயே முடிவு கட்டியாகிவிட்டது. மருமகள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நல்லா பாரும்மா, குச்சிய உருவிக்கினு வண்டிய நம்ம தலைல கட்டிட்டானுங்க!"

இப்போது சொல்ல முடியாது

சரி, காட்டிவிடுவோம் என்று சாவியைப் போட்டு, திரையில் ஆயில் பக்கத்துக்குப் போனேன். 'இப்போது அளக்க முடியாது' என்று வந்தது. மானத்தை வாங்குவதற்கென்றே அந்த நேரம் பார்த்து வந்தது. சென்சாருக்குச் சில பத்தியங்கள் உண்டு. இஞ்சின் சூடேறியிருக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். அணைத்த பிறகு ஆயில் எல்லாம் கீழே வடிந்து சேரும்வரை பொறுக்க வேண்டும். எனக்கே இல்லாத பொறுமையை அது ஊராரிடம் எதிர்பார்த்தால் என்ன செய்வது?

ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, நிறுத்தி, டீ வாங்கிக் குடித்துவிட்டுப் பார்த்தோம். திரையில் கம்மி, அதிகம் என்று காட்டுகிற இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் சரியாக நின்றது. கோதண்டத்துக்கு அது ஆயில் மாதிரியே தெரியவில்லை. ஆனால் தேவகி வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரும் இப்டிதாண்ணா. கேட்ட ஒடனே பதில் வராது. ஆனா வந்துச்சின்னா கரெக்டா இருக்கும்."

கன்னியப்பனின் விரல்

பழக்கம் விடுமா? கன்னியப்பன் எந்த வண்டி வந்தாலும் குச்சியை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவான். தேவகியின் வண்டியில் தொட ஒன்றும் இல்லை. பானெட்டுக்கு முன்னால் விரலை நீட்டியபடி நின்றவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சொன்னான்: "நாடி புடிக்காம மருந்து எயுதறமாரி கீதுப்பா."

களத்து மேடு

ஒரு மாதம் போயிருக்கும். தினமும் காலையில் சாவி போட்டதும் ஆயில் கம்மி என்று மஞ்சள் விளக்கு எரிகிறது என்று தேவகி போன் செய்தாள். அளவு காட்டத்தான் அத்தனை பத்தியம், கம்மி என்று எச்சரிக்கிற விளக்கு எப்போது வேண்டுமானாலும் எரியும். ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் விளக்கு எரியவில்லை. மறுநாள் வீட்டில் மறுபடி எரிந்தது. விளக்கு எரிகிறபோதெல்லாம் கோதண்டம் கொஞ்சம் ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆயில் கம்மியானால்தான் கெடுதல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதிகமானாலும் இஞ்சினுக்குள் நுரை கட்டும், ஆயில் கசியாமல் அடைக்கிற சீல் பிதுங்கும். பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டு வண்டி வந்து நின்றபோது தேவகிக்கு முகமே வெளுத்திருந்தது. இஞ்சின் போய்விட்டதா அண்ணா என்று கேட்டாள்.

அதிகப்படி ஆயிலை வடித்துவிட்டோம். புகை நின்றது. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரணம் தெரிய வேண்டுமே? மறுநாள் காலை நானும் கன்னியப்பனும் அவள் ஊருக்கே போனோம். வண்டி ஊர்ப் பொதுக்களத்தில் நின்றது, நெல் அடித்துக் காயவைக்கிற சிமென்ட் களம். வேப்பமர நிழலும் உண்டு. நெல் நிற்கிற இடத்தில் வண்டி நின்றால் லட்சுமி கடாட்சம் என்று கோதண்டத்தின் உத்தரவும் உண்டு. பார்வைக்குத் தட்டையாகத்தான் இருந்தது. தேவகி கொடுத்த சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டேன். சிந்திய தண்ணீர் நிற்காமல் ஓடி, காரின் அடியில் புகுந்து, பின்பக்கமாகப் போய் வாய்க்காலில் விழுந்தது. கன்னியப்பன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "மய பேஞ்சா தண்ணி வடியணும்னு மேஸ்திரி சாச்சி கட்டிக்கீறாரு. வண்டிக்குள்ள இருக்கிற ஆயிலு மட்டும் ஒரு பக்கமா போவாம நிக்குமா?"

ஸ்டிக்கர் பொட்டு

விளக்கு ஏன் எரிந்தது என்று புரிந்தது: ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியதால் சென்சாருக்குக் கம்மியாகத் தெரிந்திருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தினால் தீர்ந்தது. ஆனால் ஊரில் எப்படிப் பரவியது தெரியுமா? 'அந்தக் கார் பொய் சொல்லும்' என்று பரவியது. பரப்பியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை பிரேக் பார்க்க வண்டி வந்தபோது, ஆயில் விளக்கு எரிகிற இடத்தில் கறுப்பாக, பெரிதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கோதண்டத்தின் கைவேலை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொட்டைப் பிய்த்துத் தரையில் எறிந்தேன். மஞ்சள் வந்தால் ஓரமாக நிறுத்தி வண்டிக்கு அடியில் குனிந்து பார், சிவப்பு வந்தால் அந்த நொடியே இஞ்சினை அணை, இந்த இரண்டையும் மறந்தால் வண்டியையும் மறந்துவிடு என்று தேவகியிடம் கத்தினேன். திட்டு விழ வேண்டியவர் பக்கத்தில் நின்றார், வாங்கிக்கொண்டது அவள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பெரியவர் மட்டும் அசரவில்லை. "பொய் பேசற வாய மூடுனா அது ஒரு தப்பா?"

கல்லுக்குத் தப்பாத வண்டி

நம் பக்கத்தில் அறுவடை நேரத்தில் பாதி ரோடு களமாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் அடுக்கி வைப்பார்கள். அப்படி ஒரு காலையில் தேவகி கோதண்டத்தை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினாள். அவருக்கு அன்று கண்ணில் புரை ஆபரேஷன். நேரத்துக்குப் போகாவிட்டால் வேறு தேதிதான். திருப்புலிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே கரும்பு லாரி வந்தது. ஒதுங்கினாள். நெல்லின் மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டவள் கல்லைப் பார்க்கவில்லை. அடியில் டொக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அது பொய்யி, நீ ஓட்டு" என்றார் கோதண்டம். டயத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கு அவசரம். அதில் தப்பும் சொல்ல முடியாது. மாமனார் பேச்சை மீறி தேவகி அதுவரை ஒரு குழம்புகூட வைத்ததில்லை என்று பின்னால் அவளே சொன்னாள். ஆனால் வண்டி அப்போது சரிவில் இல்லை. நேர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டினாள். பெரியவர் திட்டத் திட்ட இறங்கிக் குனிந்து பார்த்தாள். சம்ப்பிலிருந்து ஆயில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. இஞ்சினை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். நாங்கள் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, பஸ்ஸை நிறுத்தி ஏறிக்கொண்டிருந்தார் கோதண்டம், வாய் ஓயாமல். மருமகள் அவருக்குப் பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தபடியே சொன்னான்: "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இஞ்சின பழைய இரும்புக் கடையிலதாம்மா போட்டிருக்கணும்."

பச்சைத் துணி

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். சம்ப்பை மாற்றிப் புது ஆயில் ஊற்றினோம். இஞ்சின் முதல் சாவியிலேயே ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தேவகி ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவரை அழவில்லை. கன்னியப்பன் வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டான். நான், பிரேக் அடுத்த மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எதையோ சொன்னேன்.

வண்டியை எடுத்துப் போகிற நாளில் கோதண்டமும் வந்தார். ஆபரேஷன் நேரத்துக்கே முடிந்திருந்தது. ஒரு கண்ணில் பச்சைத் துணி தொங்கியது. அவர் வாயைத் திறந்தால் நானும் திறப்பது என்று தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காரைச் சுற்றி வந்தார். வழக்கமாக முன் சீட்டுக் கதவைத் திறக்கிறவர், அன்று பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். முன்னால் வந்து உட்காருங்கள் மாமா என்றாள் தேவகி. "வாணாம்மா. நான் முன்னாடி குந்திக்கினா எதனா சொல்லிக்கினே இருப்பேன். அன்னிக்கி எம் பேச்ச கேக்காம நிறுத்தன பாரு, அதான் இன்னிக்கி நம்ம வூட்ல சோறு கீது. நீ ஓட்டு."

ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வேலையைச் சென்சார் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டாலும், அது சொல்வதை ஒரு குடும்பம் முழுக்க நம்பும்வரை கத்திக்கொண்டிருக்கிற வேலையை இன்னும் எங்களுக்கே விட்டுவைத்திருக்கிறது.