இடம் மிச்சம் பிடித்த கதை

தி. நகரில் நான் வேலை பார்த்த பாத்திரக்கடையின் மாடியறையில், கணினித் திரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோடு. கல்யாண சீசன் தொடங்கிய அன்று அது விளிம்பைத் தொட்டது. கடையின் இணையதளத்துக்கு நான் கட்டிய தேடுபொறி, இனி ஒரு கரண்டியைக்கூடச் சேர்க்கமாட்டேன் என்று தன்னைப் பூட்டிக்கொண்டது.

பக்கத்து நாற்காலியில் சரக்கு விவரம் ஏற்றும் பாய். எந்த மூடி எந்தக் குண்டானுக்குப் பொருந்தும், எதைச் சனங்கள் என்ன பேர் சொல்லிக் கேட்பார்கள் என்று வருடக்கணக்காகத் தட்டி ஏற்றியவர். அவர் பார்க்கப் பார்க்க, பழைய சரக்குகளை வீரமாக அழித்தேன். அழித்தவை உடனே போய்விடுவதில்லை. 'அழிந்தது' என்ற குறியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். "இன்னா நைனா, அழிக்க அழிக்க ஊதிக்கினே போவுது?" என்றார் பாய்.

ஊதவைத்தவன் நான்தான். 'கு' என்று தட்டினாலே குக்கர் வரவேண்டும் என்ற ஆசையில், 'கழுவிக் காயவைக்கவும்' உட்பட ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாக நறுக்கி இண்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணையில் அடைத்திருந்தேன். அதை மெலிதாக மறுபடி கட்டினால் தீர்ந்தது. கட்டுவதற்கு பாய் எழுதிய மூல வாசகம் வேண்டும். அதைச் சேமிக்கும் வசதியை முந்தின வருடம், இடம் மிச்சமாகும் என்று, நானே அணைத்திருந்தேன். அதற்கு முதலாளி பாராட்டிக் கைகூடக் கொடுத்தார். இப்போது பாய் எழுதியதைத் தேடலாம், வெளியே எடுக்க முடியாது.

முதலாளி மாடியேறி வந்து, பாய் சரியாக ஏற்றவில்லையா என்று கேட்டார். தப்பு என்னுடையது என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாயில் வந்தது வேறு: "மூணு விசில்ல எல்லாம் திரும்ப வந்துடும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள், பாயும். சிரித்தபடியே முதலாளி பாயின் லீவை ரத்து செய்தார். ஆம்பூரில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

பாய் ஒரு தனிக் கோப்பில் முதலிலிருந்து தட்டினார். நான் டீ வாங்கி வந்தேன், கிண்டலடித்தேன், போனில் அவர் காட்டிய பேத்தியின் மூக்கைப் பாராட்டினேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை. மூன்றாம் வாரம் புது இண்டெக்ஸ் தயாரானது. டிஸ்கில் பாதி காலி. பாய் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"இந்த தபா ஒரிஜினல வச்சிக்கினியா நைனா?"

வைத்திருக்கிறேன் என்றேன். அது அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

இப்போது அடையாறில் வேறு ஆபீஸ். டிஸ்க் நிரம்பும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆம்பூர் வரும் இடத்தை மட்டும் இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.