டர்போவும் கோடிச் சேலையும்

உன் காருக்கு எதற்கு இன்னும் குதிரைசக்தி என்று என்னைக் கேட்காத ஆள் அருப்புக்கோட்டையில் பாக்கியில்லை. பருத்திக் கமிஷன் கடைக்காரன் எங்கே பறக்கப்போகிறான் என்று கூட்டாளிகள் கேலி பேசினார்கள். எனக்கும் சரியான பதில் தெரியாது. பிடித்திருந்தது, செய்தேன். ஒருத்தன் புறா வளர்க்கிறான், ஒருத்தன் சண்டைக் கிடாய் வளர்க்கிறான், நான் டர்போ வளர்த்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மதுரையில் ஒரு பட்டறையில் வண்டியைப் பல நாள் போட்டிருந்தேன். எஞ்சினிலிருந்து புகையாக வெளியே ஓடுகிற காற்று ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றின் பலத்தில் வெளிக்காற்று எஞ்சினுக்குள் அமுக்கித் திணிக்கப்படும். டர்போ என்பது அவ்வளவுதான். பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று வைத்தார்கள். திணித்த காற்று கொதித்துக் கிடக்கும் என்பதால், அதை ஆற்றுவதற்குப் பெரிய இன்டர்கூலர் ஒன்றை முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் முன்னதாகப் பொருத்தினார்கள். கடைசியாக வண்டியின் கம்ப்யூட்டரில் டீசல் கணக்கை மாற்றினார்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போது பட்டறைத் தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“அண்ணே, பவரு கூடுனா சூடும் கூடும். முன்னாடி காத்து போற வழிய மட்டும் மறிச்சுராதீக.”

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார். எழுபதைத் தாண்டியவர். நரிக்குடிப் பக்கம் பிறந்து, வானம் பார்த்த பூமியில் பருத்தி போட்டுப் பிழைத்து, பிறகு டவுனுக்கு வந்து கடை வைத்தவர். “நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியப் பிரிச்சுப் போட்டு நல்லா ஓடுற மாதிரி பண்ணிருக்கான்” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் சிரித்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வண்டி நிற்பது குடோன் கொட்டகையில். பங்குனி மாதம், பருத்தி வரத்து மும்முரமாக இருந்தது. மூட்டையை உருட்டும்போதெல்லாம் பஞ்சு கிளம்பி, தலையிலும் தராசிலும் டீ டம்ளரிலும் படிந்தது.

அந்த மாதத்தில்தான் ஒரு நாள் காலையில் பெரியத்தை இறந்துபோனதாகத் தகவல் வந்தது. அப்பாவின் ஒரே அக்கா. நரிக்குடியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு குடும்பத்துக்கும் சில வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அத்தையின் கடைசி மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, தாய்மாமனான அப்பாவுக்கு முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் கொண்டுவந்து வைத்திருக்கவேண்டும். அத்தையின் மூத்த மகன், எனக்கு அத்தான் முறை, வேலை நெருக்கடியில் அதை யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் இல்லாமல் நடந்த கல்யாணம் என்று ஊர் பேசியது. அத்தோடு அறுந்தது.

பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தாமல் ஒரு பெண்ணின் உடலை எடுப்பதில்லை. அந்தச் சேலையைக் கொண்டுபோக வேண்டியவர் உடன்பிறந்த அப்பாதான். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். “நான் எதுக்கு? பங்காளி எவனையாச்சும் வச்சுப் போர்த்திட்டு எடுத்துட்டுப் போவாக” என்றார். சாப்பிடவில்லை. என் மனைவி காலையிலேயே சேலையை எடுத்துவந்து பையில் வைத்துவிட்டாள். அந்தப் பையைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக மத்தியானம் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவிடம் காட்ட முடியாமல் மூட்டைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணி வாக்கில் அத்தானே போன் செய்தார்.

“மாப்ள, ஆறு மணிக்கு எடுத்துருவோம். மாமாட்ட சொல்லிருங்க.”

வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னதும் அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததால் என் மனைவிதான் சரியாகப் போட்டுவிட்டாள்.

அவர் முன்னால், மடியில் சேலைப் பை. அவள் பின்னால். டவுனுக்குள் ஒரு லோடு லாரி குறுக்கே நின்று நேரத்தைத் தின்றது. திருச்சுழி ரோட்டில் ஏறிய பிறகுதான் மிதித்தேன். டர்போ விசில் அடித்தது. முதுகு சீட்டோடு ஒட்டியது. இருபக்கமும் சீமைக்கருவேலம் பச்சைக் கோடாக ஓடியது. இத்தனை நாள் நான் ஆசைக்காக வைத்திருந்த வேகம், இன்றைக்கு ஒரு வேலைக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

“இன்னும் மிதிய்யா” என்றார்.

திருச்சுழியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் நடுவிலிருந்து ஏறுவதைப் பார்த்தேன். வெயில் காலம்தானே என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். முள் நிற்கவில்லை. சிவப்பை நெருங்கியதும் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்கவில்லை. எஞ்சினைக் காப்பாற்ற வண்டியின் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. தண்ணீர் ஒழுகவில்லை, பெல்ட் அறுந்திருக்கவில்லை. பிறகு முன்னால் வந்து குனிந்து கிரில்லுக்குள் பார்த்தேன்.

உள்ளே வெள்ளையாக ஒரு மெத்தை இருந்தது.

கொசுவலை. அளவாக வெட்டி, சணல் வைத்துக் கட்டி, இன்டர்கூலருக்கு முன்னால் விறைப்பாக நிறுத்தியிருந்தார்கள். குடோனில் பறந்த பஞ்சு மொத்தமும் அதில் அப்பி, காற்று ஊசிமுனையளவு கூட நுழைய முடியாமல் அடைத்திருந்தது. டவுனுக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. விரட்டி ஓட்டியதும் மூச்சு முட்டிவிட்டது.

“எந்தக் கூறுகெட்டவன் இதக் கட்டுனது?” என்று கத்தினேன்.

அப்பா இறங்கி வந்து நின்றார். “நாந்தான்யா. புதுச் சாமான்ல பஞ்சு அப்புதேன்னு… அந்தச் சல்லடைக் கண்ணெல்லாம் அடைஞ்சு போகுமேன்னு கட்டச் சொன்னேன்.”

“யாரக் கேட்டுக் கட்டுனீக? காத்துப் போற வழியில யாராச்சும் வலையக் கட்டுவாகளா?”

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நரிக்குடி போகிற திசையைப் பார்த்தார். என் வண்டியை அத்தனை நக்கல் செய்த மனுசன், எனக்குத் தெரியாமல் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

என் மனைவிதான் வேலையைப் பார்த்தாள். ரோட்டோரம் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, சணலை இழுத்து அறுத்து வலையைப் பிடுங்கி எறிந்தாள். புறங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. “கத்துனா ஆறிருமா? அந்தத் தம்பிக்குப் போனப் போடுங்க” என்றாள்.

பட்டறைத் தம்பி பதற்றப்படவில்லை. “எஞ்சின அமத்தாம கொஞ்ச நேரம் நிக்க விடுங்கண்ணே. ரேடியேட்டர் மூடியத் தொட்டுராதீக. ஏசிய அமத்திட்டு ஹீட்டர ஃபுல்லா வைங்க, எஞ்சின் சூட்டக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிரும். முள்ளு இறங்குனதும் மெதுவாப் போங்க. மிதிச்சீகன்னா எஞ்சின் ஹெட்டு வளைஞ்சு வண்டியே போயிரும்.”

முள் இறங்குவதற்காக நின்ற அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. ஒரு பஸ் வந்தது. அப்பா நடுரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். படியில் தொங்குகிற கூட்டம். நிற்காமல் போய்விட்டது. போகிற பஸ்ஸைப் பார்த்தபடி, “மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்யா” என்றார். எனக்குப் பயம் வந்தது. எடுத்துவிட்டார்கள் என்றால் இந்த மனுசன் அதோடு முடிந்துபோவார் என்று பட்டது.

பங்குனி வெயிலில் ஹீட்டரைத் திருகி வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஜன்னல் நான்கும் திறந்திருந்தும் கால்மாட்டில் அடுப்பு எரிந்தது. அத்தனை குதிரைகளையும் கட்டிப்போட்டுவிட்டு மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினேன். ஆடு ஓட்டிப்போன ஒரு பெண் எங்களை வேடிக்கை பார்த்தாள். அப்பாவின் வேர்வை தாடையிலிருந்து சொட்டியது. அது சேலையில் பட்டுவிடக்கூடாது என்று பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். பின்னாலிருந்து அவள் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லை. நரிக்குடியில் ஒரு கடைக் கடிகாரம் கண்ணில் பட்டது. ஆறு தாண்டியிருந்தது.

ஊர் எல்லைக்குள் நுழையும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. வீட்டிலிருந்து வருகிறதா, சுடுகாட்டுப் பக்கமிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். தெரு முனையில் திரும்பினேன்.

பந்தலில் பிளாஸ்டிக் சேர்களில் ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தை கிடந்தார். யாருக்கும் எந்த அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அத்தான் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா மூச்சிரைத்தபடி, “நேரமாயிருச்சுய்யா. வண்டி நின்னுபோச்சு. நீங்க ஆறு மணிக்கு எடுக்கணும்னீகளே…” என்றார்.

“நீங்க வராம எப்படி மாமா எடுப்போம்? விடிஞ்சாலும் வச்சிருப்போம்.” அத்தான் குனிந்துகொண்டார். “ஆறு மணிங்கிறது நானாச் சொன்னது. ஒரு நேரத்தச் சொல்லலைன்னா நீங்க கெளம்ப மாட்டீகளோன்னு பயந்துட்டேன்.”

அப்பா அத்தையை நோக்கி நடந்தபடியே, “கெளம்பிருப்பேன்யா” என்றார்.

பையிலிருந்து கோடியை எடுத்துப் பிரித்து அத்தையின் மேல் போர்த்தினார். பிறகு அந்த முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, “நீயே சொல்லுக்கா, நான் கெளம்பிருப்பேன்ல?” என்று கேட்டார். பெண்கள் சேலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்கள். அவர் நிமிராமல் மறுபடியும் அதையே கேட்டார்.