லண்டனுக்குப் பசித்தபோது

காஞ்சிபுரத்தில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு ஒரு பட்டுக்கடை விற்பனையாளர் வருவார். பேசும்போதெல்லாம் மேசையைப் புடவைபோல் நீவிவிடுவார். ஆங்கிலத்தில் 'எஸ் சார்' தாண்டியதில்லை.

ஒருநாள் வகுப்பில் லண்டன் தெருக்களைத் திரையில் நேரலையாகச் சுற்றிக் காட்டினார் ஒரு வழிகாட்டிப் பெண். "அவங்க சொந்த விஷயம் எதையும் விசாரிக்காதீங்க" என்று மாணவர்களை முன்பே எச்சரித்திருந்தேன்.

விற்பனையாளர் எழுந்தார். "மேடம், ஈட்டிங் ஓவர்?"

"இன்னும் இல்லை" என்று அந்தப் பெண் சிரித்தார்.

இவர் பதறிவிட்டார். "பசியோட நடந்துக்கினு இருக்காங்க சார்! சாப்ட்டு வரட்டும், நாம வெயிட் பண்ணலாம்."

கூச்சத்துடன் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் ரொட்டி வாங்கி, எங்கள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு, "நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இட்லியில் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அந்த ஆங்கிலம் எனக்கே பாதி புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரிந்ததோ, கடைசிவரை ரசித்துக் கேட்டார்.